மூன்றாம் மாதம்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்தில், உள்ளே வருகிறவர்கள் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். லைன் கிடைக்குமா என்பது ஒன்று. பாப்பாவுக்கு என்ன என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வேன். இரண்டாவதற்குச் சின்னதும் பெரியதுமாகச் சில பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். சிமெண்ட் லாரி டிரைவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டால், "பொறந்ததுலேருந்தே இப்படித்தாங்க." லைனுக்காகக் காத்திருக்கும் பெண்மணி கேட்டால், "மூளை வளர்ச்சியில கோளாறுங்க, வலிப்பும் வரும்." முழுக் கதையையும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெம்பு இருந்ததில்லை. இப்போதும் தெம்பு ஒன்றும் வந்துவிடவில்லை. எழுதுவது உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை என்பதால் செய்கிறேன்.

பாப்பா என் மகள். அவளுக்கு ஒரு நல்ல பெயர் வைத்தோம். ஆஸ்பத்திரிச் சீட்டில் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் புழங்கவில்லை. பூத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் பாய் விரித்து, சுவரோரம் தலையணை வைத்து அவளை உட்கார வைத்திருப்பேன். மீட்டரிலிருந்து பில் அச்சாகி வெளியே வருகிற சத்தம் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு வியாபாரம் எப்படி என்பதை அவள் சிரிப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் அடுத்த கேள்வி மாறாது. "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?"

ஆமாம், சொந்தத்தில்தான். என் கணவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குத் தாய்மாமன். கீழப்பழுவூர்ப் பக்கம் அம்மாவின் பிறந்த வீடு. அம்மாவுக்குக் கல்யாணமாகி அரும்பாவூர்ப் பக்கம் வந்தபோது, இந்தத் தம்பி கைக்குழந்தை. அவர்களுடைய அம்மா சீக்காளி. அதனால் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்தவள் என் அம்மா. பிறகு அதே இடுப்பில் நான். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். அம்மா வெங்காயக் கொல்லையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஆளாக்கினாள். "ரெண்டும் நான் தூக்கி வளத்ததுதான், ரெண்டையும் வெளிய எவனுக்குக் குடுக்கறது" என்று சொல்லி 1995இல் கல்யாணத்தை முடித்துவிட்டாள். எனக்கு வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்றும் இல்லை. அவரை அதுவரைக்கும் மாமா என்று கூப்பிட்டேன், அதற்குப் பிறகும் மாமா என்றே கூப்பிட்டேன். அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அரியலூரில் வாடகை வீடு பிடித்தோம்.

பாப்பா அடுத்த ஐப்பசியில் பிறந்தாள். பிரசவம் சுகம். அழுதாள், பால் குடித்தாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்ற குழந்தைகளுக்குக் கழுத்து நிற்கிற மாதத்தில் இவளுக்கு நிற்கவில்லை. "பொட்டப் புள்ளைக்கு மெதுவாத்தான் நிக்கும்" என்றாள் அம்மா. ஒருநாள் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பாப்பாவின் கண் இரண்டும் ஒரு பக்கமாகப் போய், இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பெட்டிச் சாவியை அந்தச் சின்னக் கைக்குள் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. சாவியால் நின்றது என்றே எல்லோரும் நம்பினோம். பிறகு அடிக்கடி வந்தது. சாவி கைக்குள்ளேயே இருக்கும்போதும் வந்தது.

பெரம்பலூரில் பார்த்தோம். மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. மாற்றிக் கொடுத்தார்கள், நாள் முழுவதும் தூங்கினாள். திருச்சியில் ஒரு நரம்பு டாக்டரைக் காட்டச் சொன்னார்கள். அவர் சென்னைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்து, பெரிய கவரை மடியாமல் பிடித்துக்கொண்டு திருச்சிக்கு வந்து சேர்ந்தோம். அன்றைக்கு எனக்குச் சேலையைச் சரி செய்துகொள்ளக்கூட அலுப்பாக இருந்தது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஒரு செய்தி வந்தால் போதும் என்று இருந்தது.

டாக்டர் ஒல்லியான மனிதர். அவரும் அலுத்துப்போயிருந்தது முகத்தில் தெரிந்தது. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு மாமாவிடம் என்ன வேலை என்று கேட்டார். கண்டக்டர் என்றதும், "அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்றார்.

"மூளையில இருக்கற செல்லெல்லாம் அதுங்க வேலை பார்க்கற எடத்துலயே பொறக்கறதில்ல. உள்ள நடுவுல பொறந்து, அங்கேருந்து வெளிப்பக்கம் வரைக்கும் போய்ச் சேரணும். வயித்துல குழந்தை இருக்கும்போதே, மூணாவது மாசம் நாலாவது மாசம், கூட்டம் கூட்டமாப் போகும். போய்ச் சேர்ந்து வரிசையா உட்கார்ந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு சரியாப் பேசும். உங்க குழந்தைக்குக் கொஞ்சம் கூட்டம் பாதி வழியிலேயே நின்னுடுச்சு. இதோ பாருங்க, வெள்ளையா இருக்க வேண்டிய எடத்துல சாம்பலாத் திட்டுத் திட்டா இருக்கு பாருங்க, அதுங்கதான்."

மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு செந்துறையிலயே எறங்கி வூடு கட்டிக்கிட்ட மாதிரியா சார்?"

"அதேதான். எறங்கினவங்க சும்மாவும் இருக்க மாட்டாங்க. இருந்த எடத்துலேருந்தே சத்தம் போடுவாங்க. அந்தச் சத்தம்தான் வலிப்பு."

"இப்ப ஏத்தி அனுப்ப முடியாதா சார்?"

"பஸ் போயிடுச்சே" என்றார் டாக்டர். மாமா தலையாட்டினார். பஸ் விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சொந்தத்தில் கட்டியதாலா? சொந்தத்தில் கட்டினால் சில கோளாறுகளுக்கு வாய்ப்புக் கூடும், ஆனால் இந்தக் குழந்தைக்கு அதுதான் காரணமா என்று தன்னால் சொல்ல முடியாது, அசலில் கட்டியவர்களுக்கும் இப்படிப் பிறக்கிறது, பல பேருக்குக் காரணமே தெரிவதில்லை என்றார். யாரும் செய்ததால் வந்தது என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். கடைசியாக மாத்திரைச் சீட்டை எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான். "இந்த மாத்திரை அவளைக் குணமாக்காது. ஆனா சத்தத்தை அடக்கி வைக்கும். ஒரு வேளைகூட விடக்கூடாது. திடீர்னு நிறுத்துனீங்கன்னா அதுக்கப்புறம் வர்ற வலிப்பு நிக்காம போயிடும். உயிருக்கே ஆபத்து. என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க."

என்ன ஆனாலும் நிறுத்தாதே. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு வாழ்ந்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பேன். துப்பினால் மறுபடி கொடுப்பேன். கல்யாண வீட்டில் கொடுத்திருக்கிறேன், சாவு வீட்டில் கொடுத்திருக்கிறேன், ஓடுகிற பஸ்ஸில் கொடுத்திருக்கிறேன். மெல்ல மெல்ல வலிப்பு குறைந்தது. தினமும் வந்தது எப்போதாவது என்றானது. பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "ம்மா", "தா", "மாமா" என்று சில வார்த்தைகள் வந்தன. நான் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்பாவை மாமா என்றே சொன்னாள். யாரும் திருத்தவில்லை. வந்ததே பெரிது.

அந்த டாக்டரிடம் காத்திருந்த நாட்களில் மற்ற அம்மாக்களோடு பழக்கமானது. ஒருத்தியின் மகனுக்குத் தலை சின்னது. ஒருத்தியின் மகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் பாலம் உருவாகவே இல்லையாம். இன்னொரு குழந்தைக்கு மூளையின் மடிப்பு விழவில்லை. கோளாறு வேறு வேறு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முகம் எல்லாம் ஒன்று. உருவாகும்போதே எங்கேயோ ஒரு இடத்தில் தவறியிருக்கிறது. தவறிய மாதத்தை டாக்டர்கள் கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பெஞ்சில் எல்லா அம்மாக்களிடமும் ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் என்ன தின்றோம், எங்கே போனோம், யாரோடு சண்டை போட்டோம் என்று ஒவ்வொருத்தியும் நோண்டிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை எனக்குப் பதிலாக ஊரே எடுத்துக்கொண்டது. மூன்றாம் மாதம் என்று டாக்டர் சொன்னதை மாமா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார், பாவம். பப்பாளி தின்றாயா என்றார்கள். சாவு வீட்டுக்குப் போனாயா என்றார்கள். மாமா போகிற பஸ் எதையாவது நசுக்கியதா என்று ஒரு சித்தப்பா கேட்டார். "ரூட்டுல நாயெல்லாம் அடிபடறதுதான், அதுக்கெல்லாம் கண்டக்டர் பொறுப்பா, டிரைவர் பொறுப்பா?" என்று மாமா கேட்க, சித்தப்பா அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். ஐப்பசியிலிருந்து பின்னால் போனாள். சித்திரையில் வந்து நின்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தம்பிக்கும் மகளுக்கும் கல்யாணம் முடிந்தால் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன் என்று ஊர் மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாள். அந்தச் சித்திரையில் எனக்கு மசக்கை. தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்துவிடும். என்னைப் பார்த்துக்கொள்ள அரியலூருக்கு வந்தவள், காப்புக் கட்டும் நாளில் ஊரில் இல்லை. அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த மாதம்தான் டாக்டர் சொன்ன மாதம். அம்மாவுக்கு ஸ்கேன் படமும் வேண்டியிருக்கவில்லை, டாக்டரும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூட்டத்தைப் பாதி வழியில் நிறுத்தியது யார், எதற்காக என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் தீச்சட்டி எடுத்தாள். "ஏம்மா, ஒரு வருஷம் தள்ளிப் போட்டதுக்கா ஒரு கொழந்த மேல பழி தீர்க்கும் சாமி? அப்படின்னா அது சாமியே இல்ல" என்று ஒருமுறை வெடித்துவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னையும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். நான் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்காக அதையாவது செய்திருக்கலாம்தான். அன்றைக்கு எனக்குக் கையைத் தூக்கவே பிடிக்கவில்லை.

இதற்கிடையில் எங்கள் மாவட்டமும் ஒரு நிலையில் நிற்கவில்லை. பெரம்பலூர் என்றார்கள், அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், கடைசியில் மறுபடி பிரித்தார்கள். பாப்பா இருந்த பாயை விட்டு எழுந்திருக்காமலேயே மாவட்டம் மாறிக்கொண்டிருந்தாள். ஊனமுற்றோர் சான்றிதழுக்காக நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு அங்கே இங்கே என்று அலைந்தேன். "இந்த ஆபீஸ் இல்லம்மா" என்று சொல்லாத ஆபீஸ் இல்லை.

பாப்பாவுக்கு எட்டு வயது நடந்தபோது, சித்திரைத் திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போனோம். எனக்கு இஷ்டமில்லை. அம்மா போன் போட்டு அழுதாள், அதனால் போனேன். மாமா எங்களை விட்டுவிட்டு டூட்டிக்குத் திரும்பினார். காப்புக் கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டிய பிறகு திருவிழா முடியும் வரை தீச்சட்டி எடுக்கிறவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அம்மாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது.

போன சில நாட்களில் பாப்பாவின் முதுகில் முத்து முத்தாகப் போட்டது. மறுநாள் முகத்திலும் வயிற்றிலும். அம்மை. அம்மா முதலில் பயந்தாள், பிறகு அவள் முகம் மாறியது. அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எத்தனையோ வருஷமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத ஒருத்தி வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"ஆத்தா வந்துட்டாடி. எம் பேத்தி மேலயே வந்து எறங்கியிருக்கா. திருவிழா நேரத்துல எறங்கியிருக்கான்னா சும்மாவா? கணக்க முடிச்சி வுட்டுட்டுப் போவத்தான் வந்திருக்கா."

வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டில் இருப்பவர்கள் வெளியே போகக்கூடாது. இதெல்லாம் எனக்கும் தெரிந்த முறைதான். சின்ன வயதில் மற்ற வீடுகளில் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரிக்கு மாத்திரையைப் பொடிக்க எடுத்தபோது அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஆத்தா இருக்கற ஒடம்புல இங்கிலீஷ் மருந்தப் போடுவியா? அவ என்ன நெனப்பா?"

"இது அம்மைக்கு இல்லம்மா. வலிப்புக்கு. நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அந்த வலிப்பக் குடுத்தவளே வந்திருக்கா. அவ எடுத்துக்கிட்டுப் போவறதுக்குள்ள நீ மாத்திரையப் போட்டு வெரட்டாத."

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டு, அவள் கொல்லைப்பக்கம் போனபோது இளநீரில் கலந்து கொடுத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. மாமா தகவல் தெரிந்து வந்து, உள்ளே வரக்கூடாது என்பதால் தெருவில் நின்றார். அக்காவிடம் எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அவள் இடுப்பிலிருந்து அவர் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று நான் கேலி செய்வதுண்டு. அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "மாத்திரை குடுக்கறியா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். அவர் முகம் தெளிந்தது. லீவு கிடையாது, போய்விட்டு வருகிறேன் என்று போனார்.

மறுநாள் எனக்கும் போட்டது. பெரியவர்களுக்கு அம்மை போட்டால் எப்படி இருக்கும் என்பது பட்டால்தான் தெரியும். உடம்பு நெருப்பாகக் காய்ந்தது. பாயிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கண்ணை மூடினால் பூத்தில் மீட்டர் ஓடுவது போலவும், யாரோ பணம் தராமல் போவது போலவும் வந்துகொண்டே இருந்தது. நடுவில் விழிக்கும்போதெல்லாம் அம்மாவிடம் ஒன்றையே சொன்னேன். "மாத்திரை குடும்மா. மாத்திரை குடும்மா." அவளும் ஒவ்வொரு முறையும் "குடுத்துட்டேன், படு" என்றாள். என் நெற்றியில் வேப்பிலையால் தடவிக்கொண்டே சொன்னாள்.

அவள் கொடுக்கவில்லை.

இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து, ஒரு மத்தியான வேளையில், அம்மாவின் குரலில் விழித்தேன். அவள் சத்தமாக ஆத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாவின் உடம்பு வில்லாக விறைத்து, இழுத்து, தளர்ந்து, மறுபடி இழுத்தது. அந்தக் கையில் அம்மா அரிவாளின் இரும்புப் பிடியைக் கொடுத்திருந்தாள். அம்மாவின் மடியில் மஞ்சள் தண்ணீர் சிந்தியிருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. உதடு நீலமானது. டாக்டர் சொன்ன நிற்காத வலிப்பு இதுதான் என்று புரிந்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. கோபம்தான் வந்தது. "குடுத்தேன்னு சொன்னியேம்மா" என்றேன்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மை போட்ட உடம்போடு தெருவில் இறங்கிய என்னைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கினார்கள். வெங்காய லோடு ஏற்றும் மினி வேன் ஒன்று நின்றது. டிரைவர் எங்கள் தெருக்காரர்தான். ஒரு கணம் தயங்கினார். பிறகு எங்கள் வாசலில் செருகியிருந்த வேப்பங்கொத்தில் பாதியை ஒடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டியின் முன்னால் கட்டினார். "ஏறுங்க" என்றார். அந்த மனிதருக்கு நான் கடைசிவரை கடன்பட்டவள்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அம்மாவும் பின்னாலேயே ஏறியிருந்தாள். கையில் காப்புக் கயிறு.

"நீ எறங்கும்மா. எல்லையத் தாண்டக் கூடாது நீ."

"வண்டிய எடுப்பா" என்றாள் டிரைவரிடம்.

எல்லைக் கல்லைத் தாண்டும்போது அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாப்பாவின் வாய்க்கோழையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்பொரு சித்திரையில் எனக்காக வேண்டுதலை விட்டவள், இப்போது என் மகளுக்காக விட்டுவிட்டாள். இதைத்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், நிற்கவில்லை. இன்னொன்று போட்டார்கள். டிரிப் ஏற்றினார்கள். சாயங்காலமாகத்தான் நின்றது. டூட்டி டாக்டர் மாத்திரையை நிறுத்தினீர்களா என்று கேட்டார். "ஆமாங்க, நாந்தான்" என்று அம்மா முன்னால் வந்து சொன்னாள். டாக்டர் திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

பாப்பா பிழைத்தாள். ஆனால் போனபடி திரும்பி வரவில்லை. சுவரைப் பிடித்து நடப்பது பல மாதம் கழித்துக் கொஞ்சம் திரும்பியது. வார்த்தைகள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் யாரும் எங்கள் பெயரை அவள் வாயால் கேட்கவில்லை. மாமா டூட்டி முடிந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா சொல்லு, மாமா" என்று ரொம்ப நாள் முயன்றார். பிறகு விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்த மூன்றாவது நாளோ என்னவோ, காலையில், வார்டில் எங்களைத் தள்ளி ஒரு ஓரக் கட்டிலில் போட்டிருந்தார்கள். எனக்குக் கொப்புளங்கள் காய ஆரம்பித்திருந்தன. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கயிறு அழுக்காகிக் கையிலேயே கிடந்தது. அவிழ்க்கவும் பயம், வைத்திருக்கவும் பயம் போல. நானும் அவளும் பேசிப் பல நாள் ஆனது போலிருந்தது. அவளே ஆரம்பித்தாள்.

"அந்தத் திருச்சி டாக்டரு என்னதாண்டி சொன்னாரு? நீ ஒருதரம் எனக்குச் சொல்லு. தம்பி பஸ்சு கதையெல்லாம் சொன்னான், எனக்கு வெளங்கல."

சொன்னேன். கோபமில்லாமல் சொல்ல முடிந்ததற்குக் காரணம் பொறுமை இல்லை, அசதி. உள்ளே பிறந்த செல்கள் வெளியே போகிற வழியில் சில நின்றுவிட்டன. யாரும் நிறுத்தவில்லை. நான் தின்றதால் இல்லை, நீ சட்டி எடுக்காததால் இல்லை, மாமாவைக் கட்டியதால்தான் என்றும் டாக்டரால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ கோடி போய்ச் சேர வேண்டிய இடத்தில் கொஞ்சம் போகவில்லை. அவ்வளவுதான் அம்மா. யாரும் செய்யவில்லை.

அம்மா மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"ஆத்தா செஞ்சிருந்தான்னா அவ கால்ல வுழுந்து கேப்பேன். நான் செஞ்சிருந்தேன்னா ஒங் கால்ல வுழுவேன். யாருமே செய்யலன்னா நான் யாரு கால்லடி வுழுவேன்?"

"தெரியலம்மா" என்றேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நர்ஸ் வைத்துவிட்டுப் போயிருந்த மாத்திரையை நான் ஸ்பூனில் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கையை நீட்டினாள்.

"எங்கிட்டக் குடு. நான் குடுக்கறேன்."

என்னால் உடனே கொடுக்க முடியவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவுமில்லை, மறுபடி கேட்கவுமில்லை. கொடுத்தேன். அவள் பாப்பாவின் தலையை மடியில் ஏந்தி, உதட்டை விரலால் விலக்கி, சொட்டுக்கூடச் சிந்தாமல் புகட்டினாள். பாப்பா விழுங்குகிறவரை நான் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அவள் மாத்திரை கொடுக்கும்போது நான் பார்க்கிறேன். நன்றாகத் தெரியட்டும் என்று அவளும் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் கொடுக்கிறாள்.